மூன்று மாதப் பிள்ளைக்கு என்ன பாவம்?

போன மாதம் அக்காவின் மகளுக்கு ஞானஸ்நானம். கோயிலால் வந்து கல்லடி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கொக்கட்டிச்சோலையில் இருந்து வந்த கூட்டாளி (சைவக்காரன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்) கேட்டான்: "மூணு மாசப் பிள்ளை என்ன பாவமடா செய்தது, கழுவுறதுக்கு?" நான் வாய் திறக்க முதல் அம்மம்மா முந்திக்கொண்டா. "ஓம் மகன், பாவம்தான், தண்ணி நல்ல குளிர்." அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லாரும் சிரித்தோம். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் தமிழில் ஒரே சொல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று நான் அவனுக்குச் சொன்னது சொதப்பல். சென்மப் பாவம் (பிறப்போடு வருகிற பாவம்), ஆதாம், ஏவாள், பழம் என்று ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கியதை அப்படியே ஒப்புவித்தேன். "பாட்டன் பட்ட கடனுக்குப் பேத்தியைப் பிடிக்கிறதா?" என்றான். நியாயமான கேள்விதான். உண்மையில் கத்தோலிக்க மறைக்கல்வியே இதை அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்று சொல்வதில்லை. பிறக்கும்போதே வந்து சேர்ந்த ஒரு நிலை, காயப்பட்ட இயல்பு, ஆனால் அடியோடு அழுகிப்போகவில்லை என்கிறது. கீழைத் (ஓர்த்தடொக்ஸ்) திருச்சபைக்காரர் இன்னும் தள்ளிப்போய், ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவு, அவருடைய குற்றம் நம் தலையில் இல்லை என்பார்கள். இந்தச் சண்டை பழையது. மனம் வைத்தால் மனிதன் பாவமில்லாமல் வாழலாம் என்று பெலாஜியுஸ் என்ற துறவி சொல்ல, சென்மப் பாவத்தை வலியுறுத்திய ஆயர் அகுஸ்தீனார் விடவில்லை. 418இல் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுஸ் பக்கத்தைத் தள்ளிவிட்டது. வாசிக்கும்போது எனக்கு முதலில் பிடித்தது பெலாஜியுஸைத்தான். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருகிறவர்களின் ஆள் அவர்.

பிறகு பேரிக்காய்க் கதை வந்தது. 16 வயதில் அகுஸ்தீனார் கூட்டாளிமாரோடு இரவில் போய் மரத்தை உலுக்கிப் பேரிக்காய் களவெடுத்தார். பசி இல்லை, அதைவிட நல்ல காய் தன்னிடமே இருந்தது, எடுத்ததில் பெரும்பகுதியைப் பன்றிக்குப் போட்டார்கள். களவுதான் ருசித்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு 2005 தை மாதம் ஞாபகம் வந்தது. சுனாமிக்குப் பிறகு முகாமில் பால்மா கொடுத்தார்கள். எங்கள் பங்கை வாங்கிவிட்டோம். நான் சட்டையை மாற்றிக்கொண்டு போய்த் திரும்பவும் வரிசையில் நின்றேன், 11 வயது. எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு அக்கா. என் கையில் பக்கற்றை வைத்ததும் "இண்டைக்கு முடிஞ்சுது" என்று பின்னால் சத்தம் கேட்டது. அம்மாவிடம் கொடுத்தால் எங்கால என்று கேட்பா, அதனால் பாய்க்குக் கீழே ஒளித்தேன். ஈரத்தில் கட்டிபட்டு, எறும்பு மொய்த்து, கடைசியில் வாவிக்குள் எறிந்தேன். அதை யாரும் எனக்குப் பழக்கவில்லை.

இதைக் கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "இதைத்தான் நாங்க செம்பும் களிம்பும் எண்டு சொல்றது, ஆணவ மலம்" என்றான். செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியிருக்கிற அழுக்கு என்று சைவ சித்தாந்தம் சொல்வது அது. கிட்டத்தட்ட அதுதான், ஆனால் களிம்பு செம்போடு என்றைக்கும் இருந்தது. எங்கள் வேதாகமத்தின் முதல் அதிகாரமோ படைத்தது எல்லாம் மிகவும் நன்றாக இருந்தது என்றே முடிகிறது, கோணல் அதற்குப் பிறகு வந்தது. பெரிய விளக்கமாக எழுதி அனுப்பினேன்.

நீல அடையாளம் விழுந்தது. கனநேரம் கழித்து ஒரே வரி: "மறுகா அந்த அக்கா என்ன செய்தா?"

தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.