பெயர் எழுதாமல் வந்த ஒரே கல்லூரி

மார்ச் கடைசியில் எல்லா முடிவும் வந்துவிட்டது. மகளுக்கு ஹார்வர்ட், யேல், எம்ஐடி மூன்றும் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். இன்னும் உறுத்துவது, நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி. அங்கே நிச்சயம் கிடைக்கும் என்று பள்ளிக் கவுன்சிலரே சொல்லியிருந்தார். வெயிட்லிஸ்ட்!

போன கோடையில் ஐந்து நாள் லீவு போட்டு ஐ-95 நெடுஞ்சாலையில் கல்லூரி கல்லூரியாக வண்டி ஓட்டினேன். ஹார்வர்டில் இருக்கும் ஜான் ஹார்வர்ட் சிலையின் இடது காலணியைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம். பிள்ளையாருக்கே தோப்புக்கரணம் போடாதவள் அதைத் தேய்த்தாள். போன இடமெல்லாம் கல்லூரியைச் சுற்றிக்காட்டும் டூருக்குப் பெயர் பதிந்தோம். ஹார்வர்ட், யேல், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட் எதுவுமே இடம் கொடுக்கும்போது நேரில் வந்தவரா என்று பார்ப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்துக் கல்லூரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா போய்ச் சுற்றிவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பினோம். "டூருக்குப் பதிவு பண்ணலாமாப்பா?" என்று கேட்டாள். "இங்க இருக்குற காலேஜுக்கு எதுக்கும்மா" என்றவன் நான்தான்.

இடம் கொடுத்தால் வந்து சேர்வாளா என்பதுதான் இந்த மாதிரிக் கல்லூரிகளின் கவலை. டெக்சஸ் பிள்ளை வரவில்லையென்றால் பொறுத்துக்கொள்வார்கள். முக்கால் மணி தூரத்தில் இருப்பவள், அவர்கள் பதிவேட்டின்படி, எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால்? காரணம் இதுதான் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. நான் இதைத்தான் நம்புகிறேன்.

அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் வீடுகளுக்கு:

- ஹோட்டல் புக் பண்ணும் முன் அந்தக் கல்லூரியின் காமன் டேட்டா செட்டை (கல்லூரிகள் தங்களைப் பற்றி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) திறந்து, சி7 அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள். விண்ணப்பதாரரின் ஆர்வத்தைப் பார்ப்பார்களா மாட்டார்களா என்று அதில் இருக்கும். நான் பார்த்தது ஜனவரியில்!
- பார்ப்பார்கள் என்றால் பதிவு, பதிவு, பதிவு. போக முடியாவிட்டால் ஆன்லைன் தகவல் கூட்டம், அதுவும் பிள்ளையின் மின்னஞ்சலில். என்னுடையதில் பதிந்து ஒன்றை வீணாக்கினேன்.
- எர்லி டிசிஷனுக்கு (ஒரே ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிப்பது) ஈடாக எந்த டூரும் இல்லை. ஆனால் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். செலவுக் கணக்கை முதலில் போடுங்கள்.
- 'ஏன் இந்தக் கல்லூரி' கட்டுரைக்கு மரமும் கட்டடமும் உதவாது. ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததை எழுதினால் உதவும். இவள் எழுதியது மரம்.

நேற்று வெயிட்லிஸ்ட் கல்லூரிக்கு விருப்பக் கடிதம் அனுப்பினாள். சனிக்கிழமை டூருக்கும் பதிந்திருக்கிறோம், முழுப் பெயரோடு. இடம் கிடைத்த ரட்கர்ஸுக்கு, எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, மே 1க்குள் பணம் கட்ட வேண்டும்.