மும்பையை மாட்டுங்காவில் இருந்து பாருங்கள்

மும்பைக்குச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது தங்குமிடம் பற்றித்தான். கொலாபா பக்கம் அறை எடுத்தால் வாடகைக்கே பாதிப் பணம் போய்விடும். அந்தேரி, ஜுஹு பக்கம் தங்கினால் நாள் முழுக்கப் பயணத்திலேயே கழியும். மாட்டுங்காவிலோ சயானிலோ தங்குங்கள். பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை தெற்கே இருக்கின்றன, மாட்டுங்காவில் இருந்து அரை மணி நேர லோக்கல் ரயில் பயணம்தான். காலையில் தெருவில் இறங்கினால் பூக்காரர் கதம்பம் தொடுத்துக்கொண்டிருப்பார், வாழையிலை கட்டு கட்டாக அடுக்கியிருக்கும், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம். வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தத் தெம்பு பெரிய விஷயம்.

அம்மாவும் நானும் சித்தி வீட்டில் தங்கினோம். சித்தி கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அங்கேதான் இருக்கிறார். அவர் போட்டுக் கொடுத்த திட்டத்தை அப்படியே பின்பற்றினோம். இதில் நான் எழுதும் நல்ல யோசனைகளில் பாதி அவருடையவை.

மாட்டுங்காவையே முதலில் ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள். ஆஸ்திக சமாஜம் கோயிலில் தரிசனம். அப்புறம் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வந்தால் 1940ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ். ரசத்தில் ஊறிய வடை அங்கே கட்டாயம் சாப்பிட வேண்டியது. ரயில் நிலையத்துப் பக்கம் ராம் ஆஷ்ரயா. அங்கே அன்னாசி கேசரி, பெயர் என்னவோ ஷீரா. சனி, ஞாயிறு காலைகளில் இரண்டு கடைகளிலும் வாசலில் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும், ஏழரை மணிக்கே போய்விடுவது நல்லது. இலைச் சாப்பாடு வேண்டும் என்றால் ஸ்டேஷனை ஒட்டிய ராம நாயக் உடுப்பி. இவை உடுப்பி வழி வந்த கடைகள், சாம்பாரில் லேசாக இனிப்பு தட்டும். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. சயான் பக்கம் போனால் ஷண்முகானந்தா அரங்கம். 1952ல் தொடங்கிய சபா, இன்றும் கச்சேரி நடக்கும் இடம். நீங்கள் போகும் நாளில் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

மாட்டுங்கா ரயில் நிலையத்தையும் கொஞ்சம் நின்று பாருங்கள். 2017ல் இருந்து டிக்கெட் கொடுப்பவர், பரிசோதகர், நிலைய மேலாளர், பாதுகாப்புப் படையினர் என எல்லோரும் பெண்கள். நாட்டிலேயே இப்படி அமைந்த முதல் நிலையம் இதுதான்.

லோக்கல் ரயிலைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் நிறைய. பயப்படத் தேவையில்லை, நேரம்தான் முக்கியம். காலையில் கூட்டம் தெற்கு நோக்கி, மாலையில் வடக்கு நோக்கி. மாட்டுங்காவில் இருந்து காலை பதினொரு மணிக்கு மேல் ஏறினால் உட்கார இடம் கிடைத்துவிடும். திரும்புவதை நாலு மணிக்கு முன்போ ஒன்பது மணிக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் ஸ்லோ வண்டிதான் நிற்கும். ஃபாஸ்ட்டில் ஏறிவிட்டால் தாதரில் இறங்கி மாற வேண்டும். பிளாட்பாரப் பலகையில் ஊரின் எழுத்து, எஸ் அல்லது எஃப், எத்தனை நிமிடம் என்று ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு முறை பார்த்தால் பழகிவிடும். சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் பாஸ் தருகிறார்கள். நிறையச் சுற்றுகிறவர்கள் அதை வாங்கிவிட்டால் வரிசையில் நிற்கிற வேலை மிச்சம்.

லேடீஸ் பெட்டி தனி உலகம். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவர் ஓரத்தில் உட்காருவது அங்கே எழுதாத சட்டம். நின்றுகொண்டிருக்கும் பெண் உள்ளே வந்ததும் உட்கார்ந்திருப்பவர்களிடம் "கஹாங் உதர்னா ஹை?" (எங்கே இறங்கணும்?) என்று கேட்கிறார். பைகுல்லா என்று ஒருவர் சொன்னால் அந்த இடம் கேட்டவருக்கு. அதற்குப் பின் வருகிறவர் அதில் உரிமை கொண்டாட மாட்டார். எதிரே இருந்த அம்மாள் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டே வந்தார். தோல் ஒரு பையில், பட்டாணி ஒரு பையில். மஸ்ஜித் ஸ்டேஷன் வருவதற்குள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நிலையம் சி.எஸ்.எம்.டி., அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். பழைய பெயர் விக்டோரியா டெர்மினஸ். ஃபிரெடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது. 1878ல் கட்டத் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் முடித்தார்கள். 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எல்லோரும் வெளியே வந்ததும் டாக்ஸி பிடிக்க ஓடுகிறார்கள். சாலையைக் கடந்து மாநகராட்சிக் கட்டடத்தின் பக்கம் நின்று திரும்பிப் பாருங்கள். வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் புலி. பிரிட்டனுக்குச் சிங்கம், இந்தியாவுக்குப் புலி. சுவரில் மயில், குரங்கு, இலை, பூ என்று இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். பம்பாய் கலைப் பள்ளி மாணவர்கள் கை வைத்த வேலை அது. மாலையில் விளக்குப் போட்ட பின் இன்னொரு தடவை பார்க்கலாம்.

அங்கிருந்து தெற்கே நடக்க ஆரம்பித்தால் ஃப்ளோரா ஃபவுண்டன், அப்புறம் ஓவல் மைதானம். இந்த மைதானத்தை மட்டும் தவறவிடாதீர்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் புல்வெளியின் கிழக்கே உயர் நீதிமன்றமும், 1878ல் முடிந்த ராஜாபாய் மணிக்கூண்டும், பல்கலைக்கழகமும் கூர்முனைக் கோபுரங்களோடு நிற்கின்றன. மேற்கே வளைந்த பால்கனிகளோடு 1930களின் ஆர்ட் டெகோ குடியிருப்புகள். மேற்குப் பக்கம் ஒரு காலத்தில் கடல். தூர்த்து நிலமாக்கி வீடு கட்டினார்கள். நடுவில் நின்றால் இடப்பக்கம் ஒரு காலம், வலப்பக்கம் ஒரு காலம். 2018ல் யுனெஸ்கோ இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்தே அங்கீகரித்தது. மணிக்கூண்டுக்குப் பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகர், தன் அம்மாவின் பெயரை அதற்கு வைத்தார்.

கேட்வே ஆஃப் இந்தியாவில் கூட்டம் தாங்காது, பத்து நிமிடம் போதும். 1924ல் திறந்தது, வடிவமைத்தவர் ஜார்ஜ் விட்டெட். 1948 பிப்ரவரியில் கடைசி பிரிட்டிஷ் படை இந்த வாசல் வழியாகத்தான் கப்பல் ஏறியது. ஆனால் கேட்வேக்குப் போவதற்கான உண்மையான காரணம் அதன் பின்னால் இருக்கும் படகுத்துறை. குகைக் கோயில் இருக்கும் எலிஃபன்டா தீவுக்குப் படகு அங்கேதான். காலை ஒன்பது மணி சுமாருக்குப் படகுகள் தொடங்கும், முதல் ஒன்றிரண்டிலேயே ஏறிவிடுங்கள், வெயிலும் கூட்டமும் தப்பும். போக ஒரு மணி நேரம். லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும்.

தீவில் இறங்கியதும் ஒரு சின்ன ரயில் கரையில் இருந்து அடிவாரம் வரை கொண்டுபோய் விடும். அப்புறம் 120 படிகள் போல. இரண்டு பக்கமும் கடைகள், மேலே தார்ப்பாய் நிழல். அம்மாவுக்கு முழங்கால் வலி. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கூலியை ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்று நின்று ஏறினார். கையில் தின்பண்டமோ குளிர்பானமோ வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்குகள் விடாது. மேலே தொல்லியல் துறைக்கு நுழைவுச் சீட்டு, இந்தியர்களுக்கு 40 ரூபாய்.

உள்ளே போனதும் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரே பாறையைக் குடைந்த சிவன் கோயில் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நேர் எதிரே, தெற்குச் சுவரில், மூன்று ஆள் உயரத்தில் மூன்று முகம். திரிமூர்த்தி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், பிரம்மா விஷ்ணு சிவன் என்பார்கள். மூன்றுமே சிவன்தான், இது சதாசிவ மூர்த்தம். நமக்கு இடப்பக்கம் மீசையோடு சினந்த முகம், அது அகோரம். வலப்பக்கம் பெண்மை கலந்த வாமதேவம், கையில் தாமரை. நடுவில் கண் மூடிய அமைதி. கூட்டம் எல்லாம் இதன் முன்னால் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. நீங்கள் திரும்பாதீர்கள்.

இடப்பக்கம் அர்த்தநாரி. வலக் கை நந்தியின் மேல் சாய்ந்திருக்கிறது, பெண் பாகத்தின் கையில் கண்ணாடி. இடுப்பு வளைவு ஒரு பக்கம் மட்டும். வலப்பக்கம் கங்காதரர், தலைக்கு மேலே மூன்று தலைகளோடு கங்கை இறங்குகிறாள். வாசல் பக்கம் ஆடும் சிவன். கால்கள் உடைந்துவிட்டன, ஆனாலும் இடுப்பில் இருந்து தோள் வரை ஆட்டம் இருக்கிறது. சிதம்பரத்து நடராஜரின் நிலையை எதிர்பார்க்காதீர்கள், இது வேறு ஆட்டம். போர்ச்சுக்கீசியர் காலத்தில் நேர்ந்த சேதம் என்கிறார்கள்.

கிழக்கு வாசல் பக்கம் ஒரு சிற்பம் இருக்கிறது. நிறையச் சிதைந்துபோனதால் வழிகாட்டிகள் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். அம்மா அங்கேதான் நின்றார். கயிலையைத் தூக்கும் ராவணன். கீழே பலத்தையெல்லாம் திரட்டித் தள்ளுகிறான், மேலே சிவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதாண்டி எட்டாம் பாட்டு" என்றார். சம்பந்தர் பதிகங்களில் எட்டாவது பாட்டில் பெரும்பாலும் ராவணன் வருவான், மலையை எடுப்பான், விரலால் அழுத்தப்படுவான், அப்புறம் அருளும் பெறுவான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பாடுவது. சம்பந்தர் பிறப்பதற்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்னால், மேற்குக் கரையில் ஒரு தீவில் யாரோ ஒரு சிற்பி அதே காட்சியைப் பாறையில் நினைத்திருக்கிறான். தேவாரம் படித்தவர்கள் இந்தக் குகையைப் பார்க்காமல் மும்பையை விட்டு வரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். லிங்கம் இருக்கும் சன்னதிக்கு நான்கு பக்கமும் வாசல், வாசலுக்கு இருவராக ஆளுயரத்தை மிஞ்சிய துவாரபாலகர்கள். அதையும் ஒரு சுற்று வாருங்கள். இந்தக் குகைக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெரீன் டிரைவுக்குச் சர்ச்கேட்டில் இறங்கி நடந்தே போகலாம். சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது போய் மதில் மேல் உட்காருங்கள். மழைக்காலத்தில் கடல் ஏறும் நேரத்தில் மட்டும் தள்ளி நில்லுங்கள். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை கடல் ஏறினால் மூழ்கும், நேரம் விசாரித்துப் போங்கள். சித்திவிநாயகருக்குச் செவ்வாய் தவிர வேறு நாள். நடிகர் வீட்டு வாசலில் காத்திருப்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம், அந்த நேரத்தில் போரிவலி போய்க் கன்ஹேரி பௌத்தக் குகைகளைப் பார்க்கலாம். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அதுவும் திங்கள் விடுமுறை.

தாராவியைப் பற்றி ஒரு வார்த்தை. கேமராவோடு கூட்டமாகப் போய்ச் சந்துகளில் எட்டிப் பார்க்கும் சுற்றுலா நடக்கிறது. நம்மவர்கள் அதில் சேர வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து தலைமுறைகளுக்கு முன்னால் தோல் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் வாழும் ஊர் அது. சயானில் இறங்கி 90 அடி சாலையில் சும்மா நடந்து போங்கள். நெல்லைத் தமிழ் காதில் விழும். டீ குடியுங்கள், கடையில் பெல்ட்டோ பையோ வாங்குங்கள், எந்த ஊர் என்று கேட்டால் சொல்லுங்கள். எங்களிடம் கேட்ட கடைக்கார அண்ணாச்சி, அம்மா தென்காசி என்றதும் உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார். பொங்கல் சமயத்தில் போகிறவர்கள் பெண்கள் தெருவில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதைப் பார்க்கலாம்.

போக்குவரத்துக்கு இன்னும் சில. சயானுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள், பெரும்பாலும் மறுப்பதில்லை. விமானத்தில் வருகிறவர்களுக்கு இப்போது பெரிய வசதி, 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த நிலத்தடி மெட்ரோ 3. விமான நிலையத்தில் இருந்து தாதர், சித்திவிநாயகர், சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் எல்லாம் ஒரே பாதையில். குளிர்சாதனம், லிஃப்ட் இருப்பதால் முதியவர்களுக்கு லோக்கலைவிட இதுதான் சுகம். ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயில்களுக்கு மெகா பிளாக் என்று பகலில் பராமரிப்பு வேலை வைப்பார்கள், எந்தத் தடம் என்று முந்தின நாள் செய்தியில் வரும். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். பள்ளி விடுமுறை என்று மே மாதம் போனால் புழுக்கம் வாட்டும், ஜூன் முதல் செப்டம்பர் வரை எலிஃபன்டா படகு ஓடுமா என்பதே அன்றன்றைக்குத்தான் தெரியும்.

ஊர் திரும்பும் டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை இன்னொரு முறை பாருங்கள். தமிழ்நாட்டு வண்டிகள் சில சி.எஸ்.எம்.டி.யில் இருந்து, சில தாதரில் இருந்து, சில எல்.டி.டி. என்கிற லோக்மான்ய திலக் டெர்மினஸில் இருந்து கிளம்புகின்றன. எல்.டி.டி. குர்லா பக்கம், லோக்கலில் போனால் திலக் நகரில் இறங்க வேண்டும். பெட்டியும் பெரியவர்களும் உடன் இருந்தால் மாட்டுங்காவில் இருந்து டாக்ஸி பிடித்துவிடுங்கள், மாலை நேரம் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாக.