ஊற்று வற்றுமா என்று கேட்டால்

பூமிக்கடியில் உள்ள வெந்நீரையும் நீராவியையும் எடுத்து மின்சாரம் தயாரிக்கும் புவிவெப்ப மின்திட்டங்களுக்குக் கணினி மாதிரி செய்து கொடுப்பது என் வேலை. திட்டக்காரர்கள் கேட்பது, இத்தனை மெகாவாட் 30 வருஷம் தாங்குமா என்று. பக்கத்தில் வெந்நீர் ஊற்றை நம்பி இருப்பவர்கள் கேட்பது, "எங்க ஊத்து வத்திடுமா?" முதல் கேள்விக்கு மாதிரி ஓரளவு தைரியமாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்குத் தடுமாறும். இரண்டுக்கும் ஒரே மென்பொருள், ஒரே தரவு, ஒரே ஆள்தான்.

பூமிக்கடியில் சில கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, நீர் எவ்வளவு, நீராவி எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ஸ்டன் ப்ரூஸ் உருவாக்கிய டஃப்2 இந்தத் துறையில் பலரும் பழகிய நிரல். கட்டம் ஒன்றின் அகலம் சில நூறு மீட்டர் இருக்கும். ஊற்றோ ஒரு பாய் விரிக்கும் இடத்தில் அடங்கிவிடும். கட்டங்களைச் சின்னதாக்கினால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் சின்னக் கட்டத்துக்குள் போட சின்ன அளவிலான தரவு வேண்டுமே!

கிணறே தோண்டாத காலத்து நிலையை முதலில் உருவாக்க வேண்டும். அடியிலிருந்து சூடான நீரை ஏற்றி, கணினிக்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடவிட்டு, எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின் கிணறுகளில் அளந்த வெப்பநிலையோடு ஒப்பிடுகிறோம். பொருந்தவில்லை என்றால் பாறையின் ஊடுருவுதன்மையை, அதாவது நீர் அதன் வழியே எவ்வளவு எளிதாகப் போகும் என்பதை, மாற்றி மறுபடி ஓட்டம். இந்த வேலையில் பெரும்பகுதி இந்த மாற்றி மாற்றி ஓட்டுவதுதான். வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இரண்டு மாதிரிகள் கிணற்று வெப்பநிலையோடு ஒரே அளவுக்குப் பொருந்தும். மின் உற்பத்தி பற்றி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லும். ஊற்று பற்றி மட்டும் ஒன்று 'தாங்கும்' என்னும், மற்றது 'சில வருஷத்தில் நின்றுவிடும்' என்னும். காரணம் கிணற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. மேலே உள்ள குளிர்ந்த நீர் உள்ளே வராமலிருக்க, கிணற்றின் மேல்பகுதியில் பல நூறு மீட்டருக்கு எஃகுக் குழாய் இறக்கி சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார்கள். அந்தக் குழாயைத் தாண்டி ஆழத்தில்தான் நீர் உள்ளே வரும், அழுத்தம் அளக்கப்படும். ஆழத்து வெந்நீர் ஊற்றாக வெளிப்படும் வழி அந்த மேல்பகுதிக்குள்தான் போகிறது. ஊற்றின் தலையெழுத்து எந்த அடுக்கில் இருக்கிறதோ, அதைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டு நாம் கீழே போய்விடுகிறோம்.

அழுத்தம் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் வைராக்கேயை எப்போதும் உதாரணம் சொல்வார்கள். 1958இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. ஆழத்து அழுத்தம் காலப்போக்கில் சுமார் 25 பார் (அழுத்தத்தின் அலகு) இறங்கியது. நீர்மட்டக் கணக்கில் இது 200 மீட்டருக்கும் மேல். அந்த ஆழத்து நீரை நம்பியிருந்த ஊற்றுக்கு இவ்வளவு பெரிய இறக்கத்தைத் தாங்கும் வலு ஏது? அங்கிருந்த கெய்சர் பள்ளத்தாக்கில் வெந்நீர்ப் பீச்சல்கள் அடங்கின. ஆனால் சற்றுத் தள்ளி இருக்கும் கராப்பிட்டியில் நடந்தது நேர் எதிர். அழுத்தம் குறைந்ததும் ஆழத்து நீர் அதிகமாகக் கொதித்து, நீராவி மேலே வந்து, நிலம் முன்பைவிடச் சூடானது. ஒரே வயல் (ஆழத்து வெந்நீர் இருக்கும் பகுதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஒரே மின்நிலையம். ஆகவே 'ஊற்று' என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. குளோரைடு நிறைந்த ஆழத்து நீர் நேரே வரும் ஊற்றா, நீராவியால் சூடான மேல்மட்ட நீரா என்று பார்த்தாக வேண்டும்.

அதே நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரத்துக் கதை இன்னும் பயனுள்ளது. அங்கே அழுத்தத்தை இறக்கியது மின்நிலையம் அல்ல. வீடுகளையும் விடுதிகளையும் சூடாக்கப் போட்ட ஏராளமான சின்னக் கிணறுகள். 1986இல் அரசு தலையிட்டு, போஹுட்டு பீச்சலிலிருந்து 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட வைத்தது. நீர்மட்டம் ஏறியது, ஓய்ந்துகிடந்த சில ஊற்றுகள் திரும்பவும் பொங்கின. கட்டுப்படுத்தினால் மீளக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. அதற்காக எல்லா இடத்திலும் மீளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அழுத்தம் விழுந்த வயல்களில் பழைய ஊற்று வழியாகவே குளிர்ந்த நிலத்தடி நீர் கீழே இறங்குவதும் உண்டு.

எடுத்த நீரைத் திரும்ப உள்ளே செலுத்திவிட்டால் பிரச்சினை இல்லை என்று கூட்டங்களில் சொல்வார்கள். அழுத்தத்துக்கு அது நல்லதுதான். ஆனால் செலுத்தும் கிணறு கிட்ட இருந்தால் உற்பத்திக் கிணறே குளிர்ந்துவிடும், ரொம்பத் தள்ளி இருந்தால் ஊற்றுப் பக்கம் அழுத்தம் ஏறாது. இந்த இடத்தில் மாதிரி உண்மையிலேயே கைகொடுக்கிறது. எங்கே செலுத்தலாம் என்று பத்து விதமாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு தொல்லை, ஊற்று சும்மாவே மாறும். மழை, காற்றழுத்தம், நிலநடுக்கம் எல்லாம் அதன் ஓட்டத்தை மாற்றும். கிணறு தோண்டுவதற்கு முன்பே சில வருஷம் ஓட்டம், வெப்பநிலை, குளோரைடு அளந்து வைக்காவிட்டால், பிற்பாடு ஊற்று குறையும்போது இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகப் பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஜப்பானில் 27,000க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்று மூலங்கள் உள்ளன. அங்கே ஊற்றுக் குளியல் விடுதிக்காரர்கள் புவிவெப்பத் திட்டங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் என் அறிக்கையில் ஊற்றுக்கு ஒற்றை எண் கொடுப்பதில்லை. தரவோடு பொருந்தும் பல மாதிரிகளை ஓட்டி, ஓட்டம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இறங்கலாம் என்று வரம்பாகத் தருகிறேன். கூடவே ஊற்றுக்கும் வயலுக்கும் நடுவே ஆழம் குறைந்த கண்காணிப்புக் கிணறுகள் எங்கெங்கே வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துவிடுவேன். மாதிரிகள் எந்த இடத்தில் அதிகமாக ஒன்றோடொன்று முரண்படுகின்றனவோ, அந்த இடங்கள்தான் அவை. செலவைக் குறைக்க உட்காரும்போது பட்டியலில் முதலில் அடிபடுவதும் அவைதான், மின்சாரம் தராத கிணறு என்பதால். அப்படி அடித்தால், எந்தக் கிணறு போனால் வரம்பு எவ்வளவு அகலமாகும் என்பதையும் கணக்குப் போட்டு அதே பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.