பொன்னியின் செல்வன் மணிமேகலை சாகாம இருந்திருந்தா?

ஃபேன் ஃபிக்ஷன்னாலே (புடிச்ச கதையோட ஆளுங்களை வச்சு ரசிகர்களே எழுதுற கதை) யாரையோ யாரோடவோ ஜோடி சேர்த்து எழுதுற வயசுக் கோளாறு, அதுல என்ன பெருசா ஆழம் இருந்துடப் போகுதுன்னு கேக்குறவங்க நிறைய பேர். அதுக்குப் பதில் சொல்ல வர்றவங்க நேரா கம்பர்கிட்ட போய் நின்னுடுறாங்க, வால்மீகி கதையை எடுத்து கம்பர் எழுதலையா, அப்ப அவரும் ஃபேன் ஃபிக்ஷன் ரைட்டர்தானேன்னு. எனக்கு இந்தப் பதில் புடிக்கவே இல்ல. கம்பர் மகாகவிங்கிறதால இன்னிக்கு ஒருத்தர் எழுதுற ஃபேன் ஃபிக்ஷனுக்கு, சுருக்கமா ஃபிக்குக்கு, ஆழம் வந்துடாது. ஆழம் இருக்குன்னு நான் முழுசா நம்புறேன், ஆனா அது பெரியவங்க பேரைச் சொல்லி கடன் வாங்குற ஆழம் இல்ல, இந்த எழுத்துக்குள்ளயே இருக்குற ஒரு விஷயத்துல இருந்து வருது. படிக்கிறவருக்கு இந்த ஆளுங்க எல்லாரையும் ஏற்கனவே தெரியும்.

இது எவ்ளோ பெரிய வசதின்னு யோசிச்சுப் பாருங்க. சாதாரணமா ஒரு சிறுகதைல ஆள் யாரு, எங்க இருந்து வந்தான், என்ன குணம்னு நம்மள நம்ப வைக்கவே பாதிக் கதை போயிடும். ஃபிக்ல அந்த வேலையே கிடையாது, பேரை எழுதினா போதும், மொத்த ஆளும் வந்து நின்னுடுவான். அதனால எழுதுறவங்க மூலக்கதைல ஒரே ஒரு வரில தாண்டிப் போன இடத்துல உக்காந்து அதை மட்டுமே பத்துப் பக்கம் எழுதலாம்.

ஷெர்லாக் ஹோம்ஸையே எடுத்துக்கோங்க. 1893-ல கோனன் டாயில் அவரைச் சாகடிச்சுட்டார், அப்புறம் பத்து வருஷம் கழிச்சு 1903-ல வந்த கதைல அவர் சாகவே இல்லன்னு திரும்பக் கொண்டுவந்தார். கதைக்குள்ள கணக்குப் பார்த்தா நடுவுல மூணு வருஷம். அந்த மூணு வருஷத்துக்குள்ள அவரோட நண்பர் டாக்டர் வாட்சனோட மனைவி இறந்து போயிருக்காங்க, அதை டாயில் எப்படிச் சொல்றார்னு பார்த்தா, வாட்சனுக்கு நேர்ந்த இழப்பு ஹோம்ஸுக்கு எப்படியோ தெரிஞ்சிருந்தது, அனுதாபத்தைப் பேச்சுல இல்லாம நடந்துக்கிட்ட விதத்துல காட்டினார்னு ஒரு வரி, துக்கத்துக்கு வேலைதான் நல்ல மருந்துன்னு ஹோம்ஸ் சொல்றார், அவ்ளோதான், ராத்திரி கேஸுக்குக் கிளம்பிடுறாங்க. அந்த இடத்துல மனைவியோட பேர் கூட வராது. நண்பனும் இல்ல மனைவியும் இல்லன்னு ஒரு டாக்டர் தனியா இருந்த காலம் அந்த ஒரு வரிக்குள்ள கிடக்குது. துப்பறியும் கதை எழுதுறவருக்கு அங்க நிக்க நேரம் இல்ல, அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது. ஆனா ஃபேன்ஸுக்கு நேரம் இருக்கு. அந்தக் காலத்தைப் பத்தி மட்டும் எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க, அதுல நல்லா எழுதினதைப் படிச்சுட்டு திரும்ப மூலக்கதைக்குப் போனா, ஹோம்ஸ் உயிரோட நிக்கிறதைப் பார்த்ததும் வாட்சன் மயக்கம் போட்டு விழுற இடம் வேற மாதிரி தெரியுது. மூலத்துல ஒரு எழுத்து கூட மாறல, நாம படிக்கிறது மாறிடுச்சு. ஆழம்னு நான் சொல்றது இதைத்தான்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னும் கிட்ட இருக்குற உதாரணம் பொன்னியின் செல்வன். 1950-ல இருந்து 1954 வரைக்கும் கல்கில தொடரா வந்தப்பவே ஜனங்க அதுக்குள்ளயே வாழ்ந்திருக்காங்க, முடிவு பத்தி வாசகர்கள் கேட்டதுக்கெல்லாம் கல்கியே முடிவுரைல உக்காந்து பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்படியும் ஆறல, விக்கிரமன் நந்திபுரத்து நாயகின்னு அதோட தொடர்ச்சியா ஒரு நாவலே எழுதினார். இன்னிக்கும் ஆன்லைன்ல வந்தியத்தேவன் குந்தவை வச்சு எழுதிக்கிட்டேதான் இருக்காங்க, அதுல பாதிக்கு மேல காதல் காட்சிதான், சரி, இருக்கட்டும்.

ஆனா அதே நாவல்ல வந்தியத்தேவனை ஒருதலையா நேசிக்கிற மணிமேகலை கதைக்கு வாங்க. கடைசி அத்தியாயத்துல வந்தியத்தேவன் மடியில உயிரை விடுற பொண்ணு. இதை மாத்தி அவ பொழைச்சுட்டான்னு எழுதுறதைத்தான் ஃபேண்டம்ல, அதாவது ரசிகர் வட்டத்துல, ஃபிக்ஸ்-இட்னு சொல்லுவாங்க, வெளியில இருக்குறவங்க ஆழம் இல்லன்னு முதல்ல கை காட்டுறதும் இந்த வகையைத்தான், மனசு ஆறலன்னு முடிவை மாத்திக்கிறாங்க, குழந்தைத்தனம்னு. நான் படிச்ச ஒரு சின்ன ஃபிக்ல மணிமேகலை பொழைச்சுடுறா, ஆனா அதுக்கப்புறம் கல்யாணம் காதல்னு எதுவும் கிடையாது. மாசங்கள் கழிச்சு அவ வீடான கடம்பூர் மாளிகைல எல்லாரும் உக்காந்து பேசிக்கிட்டிருக்கும்போது யாரோ வாய் தவறி வந்தியத்தேவன் பேரைச் சொல்லிடுறாங்க. பேச்சு நின்னுடுது. எல்லாரும் இவ மூஞ்சியப் பாக்குறாங்க. இவ பூ தொடுத்துக்கிட்டிருக்கா, கை நிக்கல, அடுத்த பூவை எடுக்குறா, எல்லாரும் பாக்குறாங்கன்னு தெரிஞ்சே எடுக்குறா. அழுகை இல்ல, வசனம் இல்ல.

அதைப் படிச்சப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது, மணிமேகலை செத்துப் போறது மத்த எல்லாருக்கும் எவ்ளோ சௌகரியமா இருக்குன்னு. வந்தியத்தேவன் ஒரு தடவ மனசு விட்டு அழுதுட்டு பக்குவப்பட்ட மனுஷனா ஆயிடலாம், நாமளும் அழுதுட்டு புத்தகத்தை மூடிடலாம். அவ உயிரோட இருந்தா அவளுக்கு ஒரு பதில் சொல்லணும், தினமும் சொல்லணும். ஒருதலையா நேசிச்ச பொண்ணுக்குச் சாவைத் தவிர வேற வழி நம்ம கதைகள்ல ஏன் கிடைக்க மாட்டேங்குதுங்கிற கேள்வியை அந்த ஃபிக் ஒரு கட்டுரை கூட எழுதாம கேட்டுடுச்சு. கல்கி மேல கோவத்துல எழுதினது இல்ல அது, அந்த அஞ்சு பாகத்தையும் வரி வரியா நேசிச்சுப் படிச்ச ஒருத்தராலதான் அப்படி எழுத முடியும். ஆசைக்கு முடிவை மாத்துறதுல தப்பே இல்ல, மாத்தின பிறகு வர்ற விளைவை நேர்மையா எழுதுறாங்களாங்கிறதுதான் விஷயம்.

எல்லாமே இப்படி இருக்குன்னு சொல்ல வரல. பேர் மட்டும் குந்தவை, ஆள் யாரோ ஒருத்தின்னு எழுதுறதுதான் அதிகம். அதே மாதிரி ஃபேண்டம்னு சொல்லிக்கிட்டு கலெக்‌ஷன் நம்பர் வச்சு சண்டை போடுறதும், புடிக்காத ஜோடிக்கு எழுதினவங்கள கூட்டமா போய் திட்டுறதும் நடக்குது. அது அன்பே இல்ல, அதைப் பத்தி இதுக்கு மேல எழுத எனக்கு விருப்பமும் இல்ல.

ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்னு ஒரு ஃபேன் ஃபிக்ஷன் தளம், அதுக்கு 2019-ல அறிவியல் புனைகதை உலகத்தோட ஹ்யூகோ விருது குடுத்தாங்க. 2009-ல இருந்து ஃபேன்ஸே காசு வாங்காம தன்னார்வலர்களா நடத்துற இடம். விருதை விட எனக்கு அங்க ஆச்சரியம் கதைகளுக்கு ஒட்டுற அந்த டேக் எல்லாம்தான். மிஸ்ஸிங் சீன் (மூலத்துல விட்டுப்போன காட்சி), ஸ்லோ பர்ன் (மெதுவா வளர்ற காதல்), ஹர்ட் கம்ஃபர்ட் (காயமும் ஆறுதலும்)னு ஒரு கதை என்ன வேலை செய்யுதுங்கிறதுக்கு வாசகர்களே பேர் வச்சிருக்காங்க. சரியா நூறே வார்த்தைல எழுதுற டிராபிள்னு ஒரு வடிவம், ஒருத்தன் அஞ்சு தடவ ஒண்ணைச் சொல்லாம விட்டு ஆறாவது தடவ சொல்றதுன்னு ஒரு வடிவம், இதெல்லாம் ரசிகர்கள் எழுதி எழுதியே வளர்த்தது. ரெண்டு அடிக்குள்ள உலகத்தை அடக்கின குறளைப் படிச்சு வளர்ந்த நமக்கு இந்த நூறு வார்த்தைக் கட்டுப்பாடு புரியாம போகாது.

தமிழ்ல நமக்கு குறையுறது எழுதுறவங்க இல்ல, கூடவே உக்காந்து படிக்கிறவங்க. ஒரு அத்தியாயம் போட்டா கீழ வர்றது எல்லாம் சூப்பர் சிஸ், அடுத்த யூடி (அப்டேட்) எப்போ. அன்பாத்தான் கேக்குறாங்க, ஆனா இந்த இடத்துல குந்தவை இப்படி ஆச்சரியப்பட மாட்டா, அவளுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கும்னு ஒருத்தர் எழுதினா அந்த ஒரு கமெண்ட்டுக்கு அடுத்த அத்தியாயமே மாறிடும். தயவுசெஞ்சு அப்படி எழுதுங்க, நல்லாருக்குன்னா எந்த வரி நல்லாருக்குன்னு சொல்லுங்க.

அப்புறம் எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. மணிமேகலையோட அண்ணன் கந்தமாறன் பக்கத்துல இருந்து யாராவது எழுதியிருக்கீங்களா? தன்னை முதுகுல குத்துனது நண்பன் வந்தியத்தேவன்தான்னு நம்பி அவனை வெறுத்தவன், கடைசில அதே நண்பன் மடியிலதான் தங்கச்சி உயிர் போகுது. அந்த நாளுக்கு அப்புறம் இவங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல சந்திச்சா முதல்ல யார் வாயைத் திறப்பாங்க, என்ன சொல்லுவாங்க. யாராவது எழுதியிருந்தா லிங்க் குடுங்க, எவ்ளோ நீளமா இருந்தாலும் படிக்கிறேன், எந்த வரின்னு சொல்லியே கமெண்ட் போடுறேன்.