கொலுவில் சேரிங் கிராஸ்: தண்ணீர் ஒரு பக்கம் விழுந்தது, கேழ்வரகு முளைக்க மறுத்தது

வழக்கமாகக் கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பார்க் வைப்பேன். இந்த வருடம் அதற்குப் பதிலாக எங்கள் ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பையே வைத்துவிடலாம் என்று ஆகஸ்ட் கடைசியில், மழையில் வெளியே போக முடியாத ஒரு நாளில் முடிவு செய்தேன். நாலடிக்கு மூன்றடி பலகை. நடுவில் ஆடம்ஸ் பவுண்டன், அதில் நிஜமாகவே தண்ணீர் வர வேண்டும். மற்றதெல்லாம் அட்டை.

முதலில் பவுண்டன். இரண்டு கொட்டாங்கச்சி, ஒன்று பெரியது, ஒன்று சிறியது, அடியில் ஒரு மண்சட்டி, அதற்குள் போன் சார்ஜரில் ஓடும் குட்டி மோட்டார். தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும், ஆணியால் லேசாகத் தட்டினாலே திறந்துகொள்ளும், டியூப் நுழைக்க அதைவிட நல்ல ஓட்டை கிடையாது. சுற்றி எம்-சீல் வைத்து அடைத்தேன். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் மொத்தமும் ஒரே பக்கம் வழிந்து கம்பளத்தில் போனது, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஓட்டின் விளிம்பு சமமாக இல்லை, அவ்வளவுதான் விஷயம். கண்ணால் பார்த்துத் தேய்த்தால் சரிவராது. கொட்டாங்கச்சியை நிற்கவேண்டிய நிலையில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, அது நிற்கும் மட்டத்தை உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் உப்புத்தாள் போட்டேன். இரண்டு மாலை போனது. அப்புறமும் தண்ணீர் சொட்டாக விழாமல் கொட்டாங்கச்சியை ஒட்டியே கீழே இறங்கியது, வெளிப்பக்கம் மெழுகுவர்த்தியைத் தேய்த்த பிறகுதான் விட்டு விழுந்தது.

இந்தப் பவுண்டனைத் தினமும் கடந்து போகிறவன்தான் நான், ஆனால் யார் அந்த ஆடம் என்று இப்போதுதான் படித்தேன். வில்லியம் பேட்ரிக் ஆடம், சென்னை மாகாண கவர்னர். 1880 டிசம்பரில் பதவிக்கு வந்தார், 1881 மே மாதம் ஊட்டியிலேயே இறந்துபோனார், கல்லறை செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சில். அரை வருடம்கூட முழுதாக ஆளாதவருக்கு 1886இல் இவ்வளவு பெரிய நினைவுச்சின்னம்! அதுவும் முதலில் வேறு இடத்தில் இருந்து, 1898இல்தான் சேரிங் கிராஸுக்கு வந்திருக்கிறது. என் பவுண்டனும் பலகையில் மூன்று முறை இடம் மாறியது, காரணம் பிளக் பாயிண்ட்.

அந்தச் சர்ச் கட்டடத்தை மேல்படியில், மேட்டில் இருப்பதுபோல வைத்தேன். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டு வந்த மரம் என்பார்கள், எனக்கு ஐஸ்கிரீம் குச்சிதான் கிடைத்தது. மலை ரயிலுக்குத் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த கம்பி வேண்டும் என்று அக்கா பையன் அடம்பிடித்தான். டேய், அந்தப் பல் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான், 1908இல் ஊட்டி வரை போட்ட பாதையில் கிடையாது என்று சொல்லித் தப்பித்தேன்.

புல்தான் பெரிய ஏமாற்றம். கோயம்புத்தூரில் சித்தி வீட்டில் கேழ்வரகு தெளித்தால் நாலாம் நாள் பச்சை. இங்கே ஒரு வாரமாகியும் மண் அப்படியே கிடந்தது. கேழ்வரகை விட்டுவிட்டுக் கடுகு போட்டு, தட்டை இரவில் அடுப்பு மேடையில் வைத்து, ஈரத்துணியால் மூடி, எட்டாம் நாள் முளை கண்டேன். மலையில் இருக்கிறவர்கள் பன்னிரண்டு நாள் முன்னாலேயே விதைத்துவிடுங்கள்.

கட்டடங்கள் முடிந்ததும்தான் தெரிந்தது, ஆள் இல்லாத சேரிங் கிராஸ் யாருக்கும் அடையாளமே தெரியவில்லை. அதனால் தினம் ஒரு காட்சி மாற்றினேன். முதல் நாள் மே மாத மலர்க்கண்காட்சிக் கூட்டம், பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திரும்பும் கார்களின் வரிசை. இரண்டாம் நாள் மார்க்கெட். செட்டியார் பொம்மைக்கு முன்னால் பருப்பு, அரிசியோடு மஞ்சள்மாவில் உருட்டிய கேரட்.

நான்காம் நாள் சித்திரையில் வரும் மாரியம்மன் தேர். இங்கே தேரின் மேல் உப்பு வீசுவது வழக்கம், மாரியும் காளியும் ஒரே சன்னதியில் இருக்கும் கோயில். குழந்தைகளிடம் ஆளுக்கு ஒரு சிட்டிகை என்று கொடுத்தேன், அவர்கள் ஜாடியையே கவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் தேர் போன வழி மட்டும் கடுகுப்புல் வாடி விழுந்து கிடந்தது, பவுண்டன் தண்ணீரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆறாம் நாள், ஊட்டியில் ஆர்ப்பாட்டம் நடக்கும் இடமான ஏ.டி.சி. சுதந்திரத் திடலில் ஓர் ஆர்ப்பாட்டம். பன்னிரண்டு களிமண் ஆட்கள், கையில் தீக்குச்சித் தட்டி. வெற்றிலைபாக்கு வாங்க வந்த எதிர்வீட்டுப் பாட்டி குனிந்து பார்த்தார்.

“கொலுவுல ஆர்ப்பாட்டமா தம்பி? அம்பாள் முன்னாடி?”

“தட்டியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க பாட்டி.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘பச்சைத் தேயிலைக்கு விலை கொடு.’ பாட்டிக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது.

“கிலோவுக்கு எவ்வளவுன்னு போடலையே,” என்றார். சுண்டலை வாங்கிக்கொண்டு, “இதைச் சரஸ்வதி பூஜை வரைக்கும் எடுக்காதே,” என்று சொல்லிப் போனார்.

எடுக்கவில்லை. ஏழாம் நாளுக்குச் செய்து வைத்திருந்த இரண்டாம் சீசன் (செப்டம்பர், அக்டோபர்) டூரிஸ்ட்டுகளை அவர்களுக்குப் பின்னாலேயே நிறுத்தினேன், பாதிப்பேர் போட்டோ எடுக்கிற மாதிரி.