ஏழு மாதம் மேசையில் கிடந்த கட்டு

பள்ளியில் எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர், ஓய்வுக்குப் பின் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து, 140 பக்கங்களையும் நூலால் கட்டி, ‘படித்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்துடன் எனக்கு அனுப்பியிருந்தார். அந்தக் கட்டு ஏழு மாதம் என் மேசையின் இடது ஓரத்தில் கிடந்தது. அதன்மேல் முதலில் ஒரு மின்கட்டண ரசீதும், பிறகு மூக்குக்கண்ணாடிக் கூடும், கடைசியில் ஒரு அகராதியும் ஏறி உட்கார்ந்தன.

அந்த ஏழு மாதமும் நான் சும்மா இருந்ததாக யாரும் சொல்லிவிட முடியாது. பழைய மின்னஞ்சல்களை ஆண்டுவாரியாகப் பிரித்தேன். புத்தக அலமாரியைப் பொருள்வாரியாக அடுக்கத் தொடங்கினேன். விசைப்பலகையின் இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் துடைத்தேன். கட்டின் பக்கம் கை நீளும்போதெல்லாம் இப்படி ஒரு வேலை அவசர முகத்தோடு குறுக்கே வந்து நின்றது. சோம்பேறிக்கு இவ்வளவு வேலை ஓடாது.

இதை நேர நிர்வாகக் கோளாறு என்றே நெடுநாள் நம்பி, அட்டவணைகளையும் செயலிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். உளவியலாளர்கள் ஃபியூஷியா சிரோயிஸும் டிமோதி பிச்சிலும் 2013இல் வெளியிட்ட கட்டுரை வேறு காரணம் சொல்கிறது: ஒரு வேலை மனத்தில் கிளப்பும் கசப்பிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கவே அதை ஒத்திவைக்கிறோம், அந்த நிம்மதிக்கான கடனைப் பின்னாளில் நாமே அடைக்கிறோம். என்னுடைய கசப்பு எதுவென்று யோசித்தபோது விடை கூச்சம் தருவதாக இருந்தது. எழுத்து நன்றாக இல்லாமல் போய்விட்டால் அதை அவர் முகம் பார்த்து எப்படிச் சொல்வது என்ற பயம்தான் அது. படிக்காதவரை அந்தச் சங்கடம் இல்லையல்லவா?

அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமானவை அல்ல என்ற கூற்றை அன்றைய அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954இல் ஓர் உரையில், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக எடுத்துக்காட்டினார். பின்னால் வந்தவர்கள் அதை, வேலைகளை அவசரம், முக்கியம் என்று பார்த்துப் பிரித்துப் போடும் நான்கு கட்டங்களாக்கினார்கள். அக்கட்டங்களுக்கு வண்ணம் தீட்டுவதிலேயே ஒரு முழுக் காலையைப் போக்கியவன் நான் என்பதால், அவற்றை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்கு உதவியது ஒரு கேள்விதான். நிலுவையில் இருந்த 11 வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இதை ஒரு வருடம் செய்யாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்பதுக்கு எதிரே எழுத எதுவுமில்லை. மிஞ்சியவை இரண்டு: நான் தட்டிக்கழித்துவந்த ஒரு மருத்துவப் பரிசோதனை, 78 வயதாகும் ஆசிரியரின் கட்டு. அந்த ஒன்பதையும் அடித்துவிட்டேன். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற போலி வாக்குறுதியோடு சுமந்ததைவிட, செய்யப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டது எவ்வளவோ இலேசாக இருந்தது.

பரிசோதனைக்கு அன்றைக்கே நேரம் வாங்கிவிட்டேன். கட்டு அவ்வளவு எளிதாக வழிக்கு வரவில்லை. ‘இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வது எண்ணத்தைச் செயலாக்க உதவும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதியிருக்கிறார். அதன்படி, காலையில் கணினியைத் திறக்கும் முன் ஐந்து பக்கம் என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் இரண்டு பக்கத்தோடு எழுந்துவிட்டேன். நான்காம் நாள் ஐந்தில் நிறுத்த மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நாள் முடித்தேன்.

தொலைபேசியில் அழைத்து, மூன்றாம் அத்தியாயம் இழுக்கிறது ஐயா என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். “மூன்றாவதுதானே? எனக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. நீ சொல்லட்டும் என்று காத்திருந்தேன், அப்பா” என்றார். ஏழு மாதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

திருத்திய அத்தியாயம் நேற்று வந்து சேர்ந்தது. இன்று காலை பன்னிரண்டாம் பக்கம் வரை படித்திருக்கிறேன். அலமாரி பாதி அடுக்கியபடியே நிற்கிறது.