எடுத்தாச்சுல்லா சார்

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு குளத்து உள்வாயில் காட்டு நெல் விதை சேகரித்துக்கொண்டிருந்தோம். முற்றியதும் தானாக உதிர்ந்துவிடும் என்பதால் கதிருக்கு முன்கூட்டியே உறை கட்ட வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி கேட்டார்: "நீங்க எடுத்தாச்சுல்லா சார், இனி நாங்க பிடுங்கிப் போடலாம்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி, குளத்துல இருக்கிறது இருக்கட்டும்" என்றேன். காரணமும் சொன்னேன். 1970களில் ஆசிய நெல் வயல்களை, புகையான் பூச்சி பரப்பிய, பயிரைக் குட்டையாக்கும் வைரஸ் ஒன்று அழித்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்தான் தாக்குப்பிடித்தது. அந்த எதிர்ப்பு ஐ.ஆர்.36 ரகத்துக்குள் போனது. ஐ.ஆர்.36 அவருக்குத் தெரிந்த பெயர்தான். அவர் அப்பா போட்டிருக்கிறார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "சரி சார், இது என் வயலுக்குள்ள வந்தா களையெடுக்கக் கூலி யாரு தருவா?" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

குளத்தில் இருக்கட்டும் என்று சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நாங்கள் சேகரிப்பது விதை வங்கிக்குப் போகும்; அங்கே மைனஸ் 18 டிகிரியில் விதை உயிரோடு இருக்கும், ஆனால் மாறாது. குளத்தில் இருப்பதோ வருஷா வருஷம் வறட்சியையும் வெள்ளத்தையும் புதுப் பூச்சியையும் சந்தித்து, தாங்குவது மட்டும் விதைவிட்டு மாறிக்கொண்டே போகிறது. ஒரு விதைப் பைக்குள் அந்தக் குளம் முழுவதும் வந்துவிடாது.

ஆனால் அவர் பயமும் நியாயம். கதிர் வரும்வரை பயிரா களையா என்று பிரித்தறிவது கஷ்டம். உதிர்ந்த விதை மண்ணுக்குள் கிடந்து பிறகு முளைக்கும். பயிரோடு கலந்தால் பிறப்பதும் உதிரும். உதிராத கதிரைத் தேர்ந்து தேர்ந்து விதைத்துத்தான் நம் முன்னோர் பயிர் நெல்லையே உருவாக்கினார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் விலக்கி வைத்ததை வாசலில் வைத்திருக்கச் சொல்கிறேன். பலன் உலகத்துக்கு, கூலி அவருக்கு. என் வயலாக இருந்தால் விட்டுவைப்பேனா? வரப்பு ஓரத்தில் கண்டால் பிடுங்கிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

அறிக்கையில் கடைசிப் பத்தியாக அவர் கேட்டதை அப்படியே எழுதினேன். சேகரிப்பு அறிக்கைக்கு இது தேவையில்லை என்று மேலதிகாரி வட்டமிட்டு அனுப்பினார். நான் இன்னும் அதை நீக்கவில்லை.